பஸ்ஸில் போன எம்.எல்.ஏ.வும் கிருஷ்ணா தண்ணீரும்

எளிமையான எம்.எல்.ஏ. கதைகளுக்கு நம் ஊரில் எப்போதுமே நல்ல கிராக்கி. கூரை வீட்டில் இருக்கிறார், டீக்கடை பெஞ்சில் உட்காருகிறார், அரசு ஆஸ்பத்திரியில் க்யூவில் நிற்கிறார்... ஒரு போட்டோவும் நாலு வரியும் போதும், இரண்டே நாளில் ஊரைச் சுற்றி வந்துவிடும். படிக்கிறவரும் "இப்படியும் ஒரு மனுஷன்!" என்று உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார். அந்த மனுஷன் சட்டசபைக்குள் போய் என்ன செய்தார் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இந்த வரிசையில் அடிக்கடி வந்துபோகும் பெயர் கண்பத்ராவ் தேஷ்முக். மகாராஷ்டிராவில் சோலாப்பூர் மாவட்டத்து சாங்கோலா தொகுதியின் எம்.எல்.ஏ. 2021 ஜூலை 30 அன்று, 94 வயதில், சோலாப்பூரில் காலமானார். அன்றைக்கு வந்த இரங்கல் செய்திகளில் திரும்பத் திரும்ப வந்தவை இரண்டு விஷயங்கள். ஒரே தொகுதியில் 11 முறை ஜெயித்தவர். அரசு பஸ்ஸில் பயணம் செய்தவர். இரண்டுமே உண்மைதான். ஆனால் அரை நூற்றாண்டு அரசியலை இந்த இரண்டு வரிக்குள் மடித்து வைத்துவிட்டால், அவர் என்னவோ பஸ் டிக்கெட் வாங்கியே பெரிய ஆளானவர் போலத் தோன்றும்.

முதலில் அந்த 11 முறையைப் பார்த்துவிடுவோம். மகாராஷ்டிரா தனி மாநிலமானது 1960 மே 1. அதற்குப் பிறகு நடந்த முதல் சட்டசபைத் தேர்தல் 1962. அதிலேயே ஜெயித்து உள்ளே போனவர் தேஷ்முக். பிறகு 1967, 1974, 1978, 1980, 1985, 1990, 1999, 2004, 2009, 2014. கடைசி முறை ஜெயித்தபோது வயது 88. சபைக்குள் இருந்த காலத்தை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 50 வருஷம் வரும்.

"இந்திய சாதனை" என்று 2014-இல் சில இடங்களில் எழுதினார்கள். அது சரியில்லை. கலைஞர் கருணாநிதி 1957-இல் குளித்தலையில் தொடங்கி 2016-இல் திருவாரூர் வரை 13 தேர்தலில் நின்று 13-லும் ஜெயித்தவர். கேரளாவில் கே.எம். மாணி பாலா என்கிற ஒரே தொகுதியில் 13 முறை ஜெயித்தவர். ஆக எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தேஷ்முக்குக்கு முதலிடம் கிடையாது. போகட்டும், இது என்ன கிரிக்கெட் ஸ்கோரா?

எண்ணிக்கையை விட சுவாரசியமானது அந்த வரிசையில் உள்ள ஓட்டைகள். 1972-இல் தோற்றார். 1974 இடைத்தேர்தலில் திரும்ப வந்தார். 1995-இல் மறுபடி தோற்றார். காங்கிரஸின் ஷாஹாஜிபாபு பாட்டீலிடம், வெறும் 192 ஓட்டில். 1999-இல் மறுபடி வந்தார். சாங்கோலா மக்கள் இவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு குத்தவில்லை என்பதற்கு இந்த இரண்டு தோல்விகளை விட வேறு சாட்சி வேண்டாம். 33 வருஷம் பார்த்துப் பழகிய மனிதரை, "இந்த முறை நீங்கள் வேண்டாம்" என்று வீட்டுக்கு அனுப்பத் தெரிந்த ஜனங்கள் அவர்கள்.

இரண்டு தோல்விக்குப் பிறகும் அவர் செய்யாத ஒரு காரியம் கட்சி மாறுவது. அந்தக் கட்சியின் கதை நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. ஷேத்கரி காம்கார் பக்ஷ், அதாவது விவசாயிகள் தொழிலாளர் கட்சி. 1947-இல் காங்கிரஸுக்குள் இருந்த சங்கர்ராவ் மோரே, கேசவ்ராவ் ஜேதே போன்றவர்கள் வெளியே வந்து தொடங்கியது. செங்கொடி, மார்க்ஸியம் எல்லாம் உண்டு; ஆனால் மாஸ்கோவையோ பீஜிங்கையோ பார்த்து நடந்த கட்சி இல்லை, அசல் மராட்டிய கிராமத்து இடதுசாரி. கட்சிக்காரர்கள் ஒருவரையொருவர் "பாய்" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். சகோதரன் என்று அர்த்தம். தேஷ்முக்கும் அந்தக் கணக்கில் பாய் கண்பத்ராவ்தான். (தமிழ்நாட்டில் இதைச் சொன்னால் பிரியாணி ஞாபகம் வரும், என்ன செய்ய :-) )

ஒரு காலத்தில் மகாராஷ்டிரா சட்டசபையில் பிரதான எதிர்க்கட்சியாக உட்கார்ந்த கட்சி இது. 1977-இல் தேஷ்முக்கே எதிர்க்கட்சித் தலைவராக இருந்திருக்கிறார். பிறகு தேய்ந்துகொண்டே வந்தது. இவர் கடைசியாக ஜெயித்த 2014-இல் 288 பேர் கொண்ட சபையில் கட்சிக்கு மூன்றே மூன்று இடம். இவர் நினைத்திருந்தால் எந்தப் பெரிய கட்சியிலும் சிவப்புக் கம்பளம் கிடைத்திருக்கும். 1978-இல் சரத் பவார் அமைச்சரவையிலும் 1999-இல் விலாஸ்ராவ் தேஷ்முக் அமைச்சரவையிலும் மந்திரியாக இருந்தார், இரண்டு முறையும் கூட்டணிக் கட்சியின் ஆளாக. மீதி நாளெல்லாம் எதிர்வரிசைதான்.

இப்போது பஸ்ஸுக்கு வருவோம். மகாராஷ்டிராவின் அரசு பஸ்ஸை எஸ்.டி. என்பார்கள், செல்லமாக லால் பரி, சிவப்பு தேவதை. 1948-லிருந்து ஓடுகிறது. அதில் எம்.எல்.ஏ., எம்.பி.க்கு என்று எழுதி வைத்த சீட் உண்டு. வேறு எம்.எல்.ஏ.க்கள் அந்தப் பக்கமே தலை வைத்துப் படுப்பதில்லை என்பதால் அந்த எழுத்து ஒரு ஜோக்காகவே மாறிப்போனது. தேஷ்முக் அதில் நிஜமாகவே உட்கார்ந்து போனவர். நல்ல விஷயம். பஸ்ஸில் போகிற எம்.எல்.ஏ.விடம் பக்கத்து சீட்காரர் தன் பம்ப்செட் கனெக்ஷன் வராத கதையைச் சொல்லிவிட முடியும். காரின் கண்ணாடி ஏற்றியிருந்தால் அது நடக்காது.

ஆனால் எளிமை என்பது ஒரு ஆளின் குணம். அதை வைத்து அவருடைய வேலையை அளக்க முடியாது. வேட்பாளர்கள் சொத்துக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002, 2003 தீர்ப்புகளில் சொன்ன பிறகு நாம் எல்லாரும் அந்தப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கிறோம். அதில் இருப்பது பேலன்ஸ் ஷீட். ஒரு குறிப்பிட்ட தேதியில் அவரிடம் என்ன இருக்கிறது, எவ்வளவு கடன் என்று மட்டும் சொல்லும். ஐந்து வருஷம் தொகுதிக்கு என்ன வரவு, என்ன செலவு என்கிற லாப நஷ்டக் கணக்கு அதில் வராது. பைசா சேர்க்காத, பைசாவுக்குப் பிரயோசனமும் இல்லாத எம்.எல்.ஏ.க்கள் நாட்டில் எத்தனையோ பேர்!

தேஷ்முக்கின் லாப நஷ்டக் கணக்கைப் பார்க்க அவர் ஊரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பண்டரிபுரம் நமக்குத் தெரியும், பாண்டுரங்கன் கோவில் உள்ள ஊர். அதற்கு அடுத்த தாலுகா சாங்கோலா. சஹ்யாத்ரி மலையின் மழை மறைவுப் பிரதேசம். மேற்கே மகாபலேஷ்வரில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். கிருஷ்ணா நதி பிறப்பது அங்கேதான். அங்கிருந்து சாங்கோலா நேர்கோட்டில் 200 கிலோமீட்டர் கூட இல்லை. இங்கே மழை அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதுவும் ஒழுங்காக வந்தால். பல்லடம், தாராபுரம் பக்கம் போனவர்களுக்கு இந்த நிலம் புரியும். மேகம் தலைக்கு மேலே போகும், இறங்காது. ஊரின் ஆறான மாண் நதியில் வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான்.

இந்த வறண்ட பிரதேசத்து ஆட்கள் பிழைப்புத் தேடி எங்கெல்லாமோ போனார்கள். பம்பாய் மில்லுக்குப் போனார்கள், கரும்பு வெட்டப் போனார்கள். நம் ஊர் நகைக்கடை வீதிகளில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறையில், பழைய தங்கத்தை உருக்கிச் சுத்தம் செய்து கொடுக்கும் மராட்டியர்களைப் பார்த்திருப்பீர்கள். கோயம்புத்தூரிலும் மதுரையிலும் கேரளா முழுக்கவும் இருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் சாங்கோலாவை ஒட்டிய ஆட்பாடி, கானாப்பூர் தாலுகாக்காரர்கள். மழை பெய்யாத ஊர்தான் அவர்களை இத்தனை தூரம் தள்ளிவிட்டது.

இப்படி ஒரு தொகுதியின் எம்.எல்.ஏ. என்ன செய்ய முடியும்? தாசில்தாருக்குப் போன் போடலாம். டேங்கர் லாரி அனுப்பச் சொல்லலாம். போர் போட்டு, பக்கத்தில் தன் பெயரைப் பெயின்ட் அடித்து வைக்கலாம். பஸ் நிழற்குடை கட்டலாம். நாம் எம்.எல்.ஏ.விடம் எதிர்பார்ப்பதும் பெரும்பாலும் இவ்வளவுதான்: காதுகுத்துக்கு வந்தாரா, துக்கம் விசாரித்தாரா, நிழற்குடை போட்டாரா. தேஷ்முக்கும் கல்யாணங்களுக்கும் இழவுகளுக்கும் போகாமல் 11 தேர்தல் ஜெயித்திருக்க மாட்டார். ஆனால் சாங்கோலாவின் பிரச்சினை நிழற்குடை சைஸ் பிரச்சினை இல்லை. வறட்சியில் கூலிக்கு வேலை வேண்டும். நிலத்துக்குத் தண்ணீர் வேண்டும். இரண்டும் தொகுதிக்குள்ளேயே கிடைக்காது. சட்டமாகவும் பட்ஜெட்டாகவும் தலைநகரிலிருந்து வர வேண்டியவை.

முதலில் வேலை. 1972-73-இல் மகாராஷ்டிராவில் வந்த பஞ்சம் அந்த மாநிலத்தின் தலைமுறை ஞாபகங்களில் ஒன்று. லட்சக்கணக்கானவர்கள் ரோடு வேலையிலும் கல் உடைப்பதிலும் கூலிக்கு நின்றார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் வேலை உறுதித் திட்டம். மேலவைத் தலைவராக இருந்த காங்கிரஸ்காரர் வி.எஸ். பாகே இதன் மூளை. தெருவில் நின்று அழுத்தம் கொடுத்தவர்களில் செங்கொடிக் கட்சிகள் எல்லாம் இருந்தன, தேஷ்முக்கின் கட்சியும். 1977-இல் இது சட்டமானது. வேலை கேட்டால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படி கொடுக்க வேண்டும். அரசு மனது வைத்துக் கொடுக்கும் நிவாரணமாக இருந்தது, குடிமகன் கேட்டு வாங்கும் உரிமையாக மாறியது. 2005-இல் நாடு முழுக்க வந்த 100 நாள் வேலைச் சட்டத்துக்கு இதுதான் தாத்தா.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது காமர்ஸ் படிக்கிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. தொழில் வரி! சம்பள ஸ்லிப்பில் மாதாமாதம் பிடிப்பார்களே, அது. மகாராஷ்டிராவில் 1975-இல் அதற்கான சட்டம் வந்தது. பம்பாயில் ஆபீஸில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர், வியாபாரி, டாக்டர், வக்கீல் எல்லாரும் கட்டிய வரியும், அதற்கு ஈடாக அரசு போட்ட பணமும் சேர்ந்து, மழை பொய்த்த கிராமத்தில் மண் சுமந்தவருக்குக் கூலியாகப் போனது. நகரத்துக்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் கட்டினார்கள். இந்த மாதிரி ஒரு ஏற்பாட்டை ஒரு எம்.எல்.ஏ. தனியாகக் கொண்டுவர முடியாது. தேஷ்முக் கொண்டுவந்தார் என்று சொன்னால் அது புளுகு. ஆனால் அது உருவான காலத்தில் சபையில் இருந்து, அதற்காக வாதாடிய கூட்டத்தில் அவர் ஒருவர். தொகுதிக்கு வந்த கூலி அதில் வந்தது. எம்.எல்.ஏ. பெயர் பெயின்ட் அடித்த போர்டு எதுவும் அதற்குக் கிடையாது.

அடுத்தது தண்ணீர். இதுதான் பெரிய கதை.

கிருஷ்ணா நதி மூன்று மாநிலத்து நதி. மகாராஷ்டிராவுக்கு 560 டி.எம்.சி., கர்நாடகாவுக்கு 700, ஒன்றுபட்ட ஆந்திராவுக்கு 800 என்று பச்சாவத் நடுவர் மன்றம் 1970-களில் பிரித்துக் கொடுத்தது. 2000 மே 31-க்குப் பிறகு இந்தக் கணக்கை மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்றும் எழுதி வைத்தது. அதாவது அதற்குள் உன் பங்கை அணை கட்டிப் பிடித்துக்கொண்டால் நல்லது, இல்லாவிட்டால் அது உன்னிடமே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். (நம் சென்னைக்கு வரும் கிருஷ்ணா நீரில் 5 டி.எம்.சி. இந்த மகாராஷ்டிராவின் பங்கிலிருந்து விட்டுக்கொடுத்தது. தெலுங்கு கங்கை ஒப்பந்தத்தில் மூன்று மாநிலமும் ஆளுக்கு ஐந்து கொடுக்கச் சம்மதித்தன. ஆக சென்னைவாசிக்கும் இந்தக் கதையில் ஒரு குடம் உண்டு.)

மாநிலத்துக்குப் பங்கு கிடைத்துவிட்டது. மாநிலத்துக்குள் யாருக்கு? அங்கேதான் இருக்கிறது அரசியல். ஆற்றை ஒட்டிய சத்தாரா, சாங்லி, கோலாப்பூர் பக்கத்து நிலங்களுக்குத் தண்ணீர் தானாகவே பாயும். அங்கே கரும்பு. கரும்பு இருந்தால் கூட்டுறவு சர்க்கரை ஆலை. ஆலைக்கு ஒரு சேர்மன். சேர்மனுக்கு ஒரு எம்.எல்.ஏ. சீட், அதிர்ஷ்டம் இருந்தால் மந்திரி பதவி. மொத்த சாகுபடி நிலத்தில் கொஞ்சூண்டு இடத்தில் நிற்கும் கரும்பு, பாசனத் தண்ணீரில் பாதிக்கு மேல் குடித்துவிடும். சாங்கோலா, ஆட்பாடி, ஜத் மாதிரி மேட்டுத் தாலுகாக்களுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் பம்ப் வைத்து ஏற்ற வேண்டும். செலவு பிடித்த வேலை. ஓட்டும் குறைவு, ஆலையும் குறைவு. எந்த முதலமைச்சருக்கு அவசரம்?

1993-இல் ஆட்பாடியில் தண்ணீர் மாநாடு தொடங்கியது. வறண்ட தாலுகாக்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். முன்னே நின்றவர்கள் மூன்று பேர். சுதந்திரப் போராட்ட காலத்தில் வெள்ளையனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய நாக்நாத் அண்ணா நாயக்வாடி, டாக்டருக்குப் படித்துவிட்டு மக்கள் இயக்கத்துக்கு வந்த பாரத் பாடண்கர், எம்.எல்.ஏ. கண்பத்ராவ் தேஷ்முக். வருஷா வருஷம் கூடினார்கள். அவர்கள் கேட்டது வெறும் "எங்களுக்கும் ஒரு கால்வாய்" இல்லை. தண்ணீரை நிலத்தின் அளவைப் பார்த்துப் பிரிக்காதே, குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரி, நிலம் இல்லாதவன் குடும்பத்துக்கும் கொடு என்றார்கள். பத்து ஏக்கர்காரனுக்குப் பத்து பங்கு என்பதுதான் உலகத்து வழக்கம். அதையே கேள்வி கேட்டார்கள். அந்தக் கோரிக்கை முழுசாக நிறைவேறவில்லை. ஆனாலும் ஒரு எம்.எல்.ஏ., அதுவும் தன் தொகுதியில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகளின் ஓட்டை நம்பி நிற்கிறவர், அந்த மேடையில் ஏறி நின்றார் என்பது சின்ன விஷயமில்லை.

மாநாடு தொடங்கி இரண்டு வருஷத்தில், 1995-இல், 192 ஓட்டில் தோற்றார்! தண்ணீர் வரும் என்று சொன்னவரை விட, வேறு என்னவோ சொன்னவருக்கு அந்த வருஷம் 192 ஓட்டு அதிகம். இதற்காக ஜனங்களைத் திட்ட முடியாது. மாநாட்டுத் தீர்மானத்தைக் குடத்தில் பிடிக்க முடியாதே.

1996-இல் கிருஷ்ணா பள்ளத்தாக்கு வளர்ச்சிக் கழகம் என்று ஒன்றை மகாராஷ்டிரா அரசு ஆரம்பித்தது. பச்சாவத் கெடு வைத்த 2000 நெருங்குகிறதே என்கிற அவசரம். அரசு கியாரண்டியோடு பொதுமக்களிடம் பாண்டு விற்றுப் பணம் திரட்டினார்கள். டேம்பூ ஏற்றுநீர்ப் பாசனத் திட்டம் இந்தக் காலத்தில் பிறந்தது. கராட் அருகே டேம்பூ என்ற இடத்தில் கிருஷ்ணாவிலிருந்து எடுத்து, கட்டம் கட்டமாகப் பம்ப் செய்து மேட்டில் ஏற்றி, வறண்ட தாலுகாக்கள் வழியாகக் கடைசியில் சாங்கோலா வரைக்கும் கொண்டுவரும் திட்டம். கடைசியில் என்பதைக் கவனியுங்கள். கால்வாயின் வால் பகுதி. நம் தஞ்சாவூர் கடைமடைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை, வால் என்றால் என்ன என்று.

திட்டம் காகிதத்தில் வந்ததற்கும் தண்ணீர் வாலுக்கு வந்ததற்கும் நடுவில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. 2012-இல் மகாராஷ்டிராவின் நீர்ப்பாசன ஊழல் புகார் வெடித்தது ஞாபகமிருக்கலாம். பத்து வருஷத்தில் சுமார் 70,000 கோடி ரூபாய் செலவு, ஆனால் பாசனப் பரப்பு கூடியது 0.1 சதவீதம் என்று அரசின் பொருளாதார ஆய்வறிக்கையை வைத்தே கேள்வி கேட்டார்கள். துணை முதலமைச்சர் ராஜினாமா செய்தார், சில மாதத்திலேயே திரும்பியும் வந்தார். வாலில் இருந்த சாங்கோலாவில் அந்த வறட்சியில் மாடுகளுக்கு முகாம் போட்டிருந்தார்கள். 2018-19 வறட்சியிலும் போட்டார்கள். தேஷ்முக் அப்போதும் எம்.எல்.ஏ. ஒவ்வொரு கூட்டத் தொடரிலும் டேம்பூ எங்கே, எவ்வளவு பணம் ஒதுக்கினாய், எந்த வருஷம் முடிப்பாய் என்று எழுந்து கேட்டுக்கொண்டிருந்தவர்.

அவரைக் கொண்டாடுகிறவர்கள் மழுப்பிவிடும் இடம் இது. அரை நூற்றாண்டு எம்.எல்.ஏ., இரண்டு முறை மந்திரி, அப்பழுக்கில்லாத பெயர். அப்படியும் 2019-இல் அவர் விடைபெற்றபோது தாலுகாவில் மாட்டு முகாம். ஆளுங்கட்சியில் சேர்ந்திருந்தால் சீக்கிரம் வந்திருக்குமோ என்று உள்ளூரில் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. நியாயமான கேள்விதான். அதற்குச் சாக்கு சொல்லத் தேவையில்லை. மூன்று பேர் கொண்ட கட்சியின் உறுப்பினர், 288 பேர் சபையில், சர்க்கரை ஆலைச் சேர்மன்களுக்கு எதிரே உட்கார்ந்து எவ்வளவு வாங்க முடியுமோ அவ்வளவுதான் வாங்கினார். கொள்கையை விட்டிருந்தால் கொஞ்சம் கூட வாங்கியிருக்கலாம். ஆனால் வறண்ட தாலுகா எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்க ஆள் இருந்திருக்காது. தன் தொகுதிக்கு மட்டும் ஒரு கிளைக் கால்வாய் வாங்கிக்கொண்டு வருகிறவர், ஆட்பாடி மேடையில் நிற்க மாட்டார்.

இதற்கு நடுவில் சாங்கோலா சும்மா காத்திருக்கவில்லை. சொட்டு நீரில் மாதுளை வைத்தார்கள். வறண்ட காற்றும் கல்லு மண்ணும் மாதுளைக்குப் பிடித்துவிட்டது. இன்று சோலாப்பூர் மாதுளைக்குப் புவிசார் குறியீடு உண்டு, ஐரோப்பாவுக்குக் கப்பலேறுகிறது. மத்திய அரசின் மாதுளை ஆராய்ச்சி மையமும் சோலாப்பூரில்தான். இது விவசாயிகளின் சாதனை, எம்.எல்.ஏ. கணக்கில் எழுதக் கூடாது.

அவர் கணக்கில் தாராளமாக எழுதக்கூடிய ஒன்று நூற்பாலை. சாங்கோலாவின் விவசாயிகள் கூட்டுறவு நூற்பாலை. மகாராஷ்டிராவில் கூட்டுறவு நூற்பாலை என்றாலே கணக்கு ஆடிட்டர்களுக்குத் தலைவலி வரும். அரசு பங்கு முதல் போடும், வங்கி கடன் கொடுக்கும், சேர்மன் கட்டடம் கட்டுவார், ஆலை ஓடாது. பருத்தி பெரிதாக விளையாத ஒரு தாலுகாவில், வெளியே இருந்து பஞ்சு வாங்கி, நூல் நூற்று விற்று, ஆலையை நஷ்டமில்லாமல் ஓட்டிக் காட்டினார்கள். நிர்வாகத்தில் மச்சான், மாப்பிள்ளை என்று ஆள் அடைக்காமல் இருந்தாலே பாதி லாபம் என்பது எந்த காமர்ஸ் புத்தகத்திலும் அச்சாகாத பாடம். எளிமை எங்கேயாவது பணமாக மாறியது என்றால் அது இங்கேதான். பஸ்ஸில் போகிற சேர்மன் உட்கார்ந்த ஆலையில் மேனேஜர் கார் கேட்க முடியாது இல்லையா?

2019-இல் வயதைக் காரணம் காட்டி ஒதுங்கினார். தொண்டர்கள் அழுதார்கள், "இன்னொரு முறை" என்றார்கள். கேட்கவில்லை. அப்புறம் நடந்ததுதான் கொஞ்சம் உறுத்தும். கட்சி நிறுத்தியது அவருடைய பேரன் டாக்டர் அனிகேத் தேஷ்முக்கை. குடும்ப அரசியலை வாழ்நாளெல்லாம் எதிர்வரிசையில் உட்கார்ந்து பார்த்த கட்சிக்கு, அந்த ஒரு தாலுகாவில் வேறு பெயர் அகப்படவில்லை. கொள்கைக்கு விழுந்த ஓட்டு என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு தூரம் அந்த ஒரு மனிதருக்கு விழுந்த ஓட்டு என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. பேரன் 768 ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் அதே ஷாஹாஜிபாபு பாட்டீல், இப்போது சிவசேனா.

அவரை உங்களுக்கும் தெரிந்திருக்கும். 2022 ஜூனில் ஏக்நாத் ஷிண்டேவோடு போன சிவசேனா எம்.எல்.ஏ.க்கள் குவாஹாத்தி ஓட்டலில் தங்கியிருந்தபோது, ஊரிலிருந்து போன் செய்தவரிடம் இங்கே மரமென்ன, மலையென்ன, ஓட்டலென்ன, எல்லாம் ஓகே என்று மராத்தியில் வர்ணித்தாரே ஒருவர், அவர்தான். அந்த ஆடியோ பாட்டாகி, ரீமிக்ஸாகி, டி-ஷர்ட்டாகி இந்தியா முழுக்க ஓடியது. சாங்கோலா என்கிற பெயரை அரை நூற்றாண்டில் கேள்விப்படாதவர்கள் அந்த அரை நிமிஷத்தில் கேள்விப்பட்டார்கள். சாங்கோலாவின் பழைய எம்.எல்.ஏ. இறந்து அப்போது ஒரு வருஷம் கூட முழுதாக ஆகவில்லை.

2024 நவம்பர் தேர்தலில் இன்னொரு பேரன், டாக்டர் பாபாசாகேப் தேஷ்முக், அதே செங்கொடியில் நின்றார். எதிரே ஷாஹாஜிபாபு ஷிண்டே அணியில், தீபக் சாளுங்கே உத்தவ் தாக்கரே அணியில். கூட்டணிக் கட்சிகளே எதிரெதிரே நின்ற மும்முனைப் போட்டி. பேரன் சுமார் 25 ஆயிரம் ஓட்டில் ஜெயித்தார். தாத்தாவின் பெயருக்கு எவ்வளவு, ஓட்டுப் பிரிந்ததற்கு எவ்வளவு, குவாஹாத்திக்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. மகாராஷ்டிரா சட்டசபைக்கு அந்தத் தேர்தலில் விவசாயிகள் தொழிலாளர் கட்சியின் சார்பில் போனவர் அவர் ஒருவர் மட்டும்தான். 1962-இல் தாத்தா உள்ளே போனபோது பக்கத்தில் உட்கார ஒரு பெஞ்சு நிறையத் தோழர்கள் இருந்தார்கள்.